வந்தவர், நிற்பவர், போனவர்: கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஒரு பதிவேடு

ராஜபாளையத்தில் ஒருவர் ‘காலேஜ் ஃபுட்பால் டீமை விடாம ஃபாலோ பண்றேன்’ என்று சொன்னால், எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன் எந்த வழியில் ஆடும் கல்லூரி என்று கேட்க வேண்டும். 1973-இல் தொடங்கிய ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே அணி அமைந்தால் அது ஆடுவது அந்தப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில். அதே ஊரின் ராம்கோ பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் அதன் மாணவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மண்டலப் போட்டி. பி.ஏ.சி.ராமசாமி ராஜா பாலிடெக்னிக்கில் படிப்பவர்களுக்குப் பாலிடெக்னிக்குகளுக்கென்றே தனி விளையாட்டுச் சங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மதுரைச் சாலையில் கிருஷ்ணன்கோவில் போனால் கலசலிங்கம். 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் என்பதால் அது தன் அணியை நேராகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்கே அனுப்பலாம். ஒரே நெடுஞ்சாலையில், ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள், நான்கு வழிகள்.

இந்த வித்தியாசம் தெரியாமல், அணியில் யார் யார் என்று பதிவேடு போட நோட்டைத் திறப்பவர் முதல் சீசனிலேயே குழம்பிப்போவார். இணைப்புக் கல்லூரி அணிக்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று, கல்லூரி அணி. மற்றொன்று, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி முடிந்தபின் எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கி எடுத்து, கேம்ப் வைத்து அமைக்கும் பல்கலைக்கழக அணி. நம் கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டாவது பட்டியலில் ஏறிவிட்டால் அதுவே அந்த வருடத்தின் பெரிய செய்தி. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி அணியும் பல்கலைக்கழக அணியும் ஒன்றுதான் என்பதால் ஒரு பட்டியல் போதும். இன்னொரு குழப்பம் ‘தன்னாட்சி’. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும் தன்னாட்சி பெற்றவை. ஆனால் அந்தத் தன்னாட்சி பாடத்துக்கும் பரீட்சைக்கும் உரியது. பந்து உருளும்போது அவை காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரிகளே.

அமெரிக்காவில் இப்படிக் கல்லூரி அணியின் ஆள் பட்டியலைப் பின்தொடர்வது ஊர் ஊராக நடக்கும் பொழுதுபோக்கு. அங்கே ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் அணைத்து ஓடும் ஆட்டம். பெரிய பல்கலைக்கழக அணி ஒன்றில் 2025 சீசன் முதல் 105 பேர் வரை இருக்கலாம். யார் எந்த இடத்துக்கு முதல் ஆள், யார் அடுத்த ஆள், யாருக்கு இன்னும் எத்தனை வருடத் தகுதி மிச்சம் என்பதை ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2018 அக்டோபரில் கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தொகுக்கும் மையப் பதிவேடு ஒன்று அங்கே வந்தது. அதிலிருந்து போட்டி இல்லாத மாதங்களிலும் ரசிகர்களுக்கு ஓய்வில்லை.

நம் பக்கம் அப்படி அச்சடித்த பட்டியலை எவரும் கையில் தருவதில்லை. பெயர்களைத் தேடிச் சேர்ப்பதே இங்கே பொழுதுபோக்கின் பெரும்பகுதி. அதில்தான் சுவையும் இருக்கிறது. கால்பந்து வரலாற்றில் இன்று எல்லோரும் புரட்டிப் பார்க்கும் ஆர்.எஸ்.எஸ்.எஸ்.எஃப். என்ற புள்ளிவிவரத் தொகுப்புக்கூட 1994-இல் சம்பளம் இல்லாத ஆர்வலர்கள் சிலர் தொடங்கியதுதான்.

தொடங்க ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். எக்செல் தெரிந்தவர் அதில் போடலாம். ஆனால் மைதானத்து வெயிலில் செல்போன் திரை கண்ணுக்குத் தெரியாது என்பதால் நோட்டை ஒரேயடியாகத் தூக்கிப்போட வேண்டாம். ஓர் ஆட்டக்காரருக்கு ஒரு பக்கம். பெயர், இனிஷியல், ஆடும் இடம், எந்தக் கால், படித்த பள்ளி, சேர்ந்த வருடம், படிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தின் தலையில், பெரிய எழுத்தில் ஒன்று: படிப்பு முடியும் வருடம்.

கிளப் அணியில் ஆள் மாறுவது பணத்தால். கல்லூரி அணியில் ஆள் மாறுவது பெரும்பாலும் ஏப்ரல் பரீட்சையால். பி.ஏ., பி.காம். என்றால் மூன்று வருடம்; பி.இ. என்றால் நான்கு, எம்.ஏ., எம்.எஸ்சி. சேர்ந்தால் மேலும் இரண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் வயது 17-க்கு மேலும் 25-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இன்னொரு வேலி. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த வருடம் எந்த இடம் காலியாகும் என்பது இப்போதே தெரிந்துவிடும். கோலியும் இரண்டு ஸ்டாப்பர்களும் ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள் என்றால், மூன்று வருடம் கோட்டையாக இருக்கும் தற்காப்பு நான்காம் வருடம் மொத்தமாகக் காணாமல் போகும். அணியின் பி.டி. மாஸ்டருக்கு இது தெரியும். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் தெரிந்திருந்தால், ஜூலையில் வரும் புதுக் கோலியை அவர் வேறு கண்ணால் பார்ப்பார்.

அமெரிக்கர்களின் ‘கல்லூரி மாற்றம்’ இங்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். டி.சி. வாங்கிக்கொண்டு நடுவில் கல்லூரி மாறுவது அரிது என்றாலும் வேறொரு வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக் அணியில் மூன்று வருடம் விங்கில் ஓடிய பையன், ஆகஸ்டில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஜெர்சியில் வந்து நிற்பது இப்படித்தான். அவனைப் பார்த்து ‘யார் இந்தப் புதுப்பையன்’ என்று மற்றவர்கள் கேட்கும்போது, பாலிடெக்னிக் பட்டியலையும் சேர்த்துப் பராமரிப்பவரிடம் அவனுடைய மூன்று வருடக் கதை இருக்கும். ஒரு கல்லூரி போதும் என்று தொடங்குகிறவர்கள்கூட ஒரு பாலிடெக்னிக்கையும் இரண்டு மேல்நிலைப் பள்ளிகளையும் ஓரக்கண்ணால் பார்த்துவைப்பது நல்லது.

இனிப் பெயர்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் பாதிச் சிக்கல் இனிஷியலில் இருக்கிறது. முதலில் ஹாக்கியிலிருந்து ஓர் உதாரணம்.

2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியா வெண்கலம் வென்றது. அந்த அணியில் கோவில்பட்டி ஹாக்கி அகாடமியில் பயிற்சி பெற்ற இரண்டு தமிழர்கள். அரியலூர்க்காரர் எஸ். கார்த்தி, கோவில்பட்டிக்காரர் எஸ். மாரீஸ்வரன். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். தமிழ்ப் பத்திரிகையில் எஸ். கார்த்தியாக இருந்தவர் சர்வதேசப் பட்டியலில் கார்த்தி செல்வம், எஸ். மாரீஸ்வரன் அங்கே மாரீஸ்வரன் சக்திவேல். வெளியூர் வர்ணனையாளர் ‘செல்வம்’ என்று அழைத்தால் அது அப்பாவின் பெயர். இது புரியாமல் பட்டியல் போடுபவர் இரண்டு ஆட்டக்காரர்களை மூன்றாகவோ நான்காகவோ பெருக்கிவிடுவார். கால்பந்திலும் இதே கதைதான். சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து பெங்களூரு எஃப்.சி.க்குப் போய், 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்த பையன் சிவசக்தி நாராயணன். சில இடங்களில் சிவசக்தி, சில இடங்களில் வெறும் சிவா. மூன்றும் ஒரே ஆள்.

ராஜபாளையம் வட்டாரத்துக்கென்று தனிப் பொறிகளும் உண்டு. பெயருக்குப் பின்னால் வரும் ‘ராஜா’வை அப்பா பெயர் என்று எண்ணி இனிஷியலாகச் சுருக்கிவிடக் கூடாது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். அவர் பெயரை ‘ஆர். குமாரசாமி’ என்று எழுதினால் எப்படியிருக்கும்? அடுத்தது மாரி. இருக்கன்குடி மாரியம்மன் பக்கத்திலேயே இருக்கும் மாவட்டத்தில் மாரிமுத்து, மாரிச்சாமி, மாரியப்பன், மாரீஸ்வரன் எல்லோரும் ஒரே பதினொருவரில் நின்றால் ஆச்சரியமில்லை. மைதானத்தில் அத்தனை பேரையும் ‘மாரி’ என்றே கூப்பிடுவார்கள். ஆகவே பெயரை நம்பி மட்டும் பதிவேடு நடத்த முடியாது. ஒவ்வொருவருக்கும் சேர்ந்த வருடத்தோடு ஒரு வரிசை எண் கொடுத்துவிட வேண்டும். 2024-இல் சேர்ந்தவர்களில் ஏழாவது ஆள் 24-7. பெயர் பின்னால் எத்தனை விதமாக அச்சானாலும் எண் மாறாது. பக்கத்தின் அடியில், அவர் பெயர் அச்சில் வந்த எல்லா வடிவங்களையும் எழுதிவைக்க இரண்டு வரி விட்டுவைக்கலாம். ஆங்கிலத்தில் ‘த’வுக்கு ஒருவர் ‘டி’ போடுவார், இன்னொருவர் ‘டி.எச்.’ போடுவார், தேடும்போது அந்த இரண்டு வரி கைகொடுக்கும்.

ஜெர்சி எண் உதவாதா? அந்த ஒரு ஆட்டத்துக்கு உதவும். கல்லூரி ஜெர்சி செட் ஆளுக்கென்று தைத்ததில்லை. பையில் எந்த அளவு கையில் வருகிறதோ அந்த எண்தான் அன்றைக்கு. அடுத்த வாரம் அதே ஆள் வேறு எண்ணில் இருப்பார்.

தகவல் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு முதல் பதில் மைதானம்தான். ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போனால் வார்ம்-அப் நேரத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் விழும். ஸ்கோரர் மேஜையில் இரண்டு அணியின் டீம் லிஸ்டும் இருக்கும். ஆட்டம் முடிந்தபின் பணிவாகக் கேட்டால் பார்க்க விடுவார்கள். இடையில் போய் நச்சரித்தால் அடுத்த முறை கிட்டே சேர்க்க மாட்டார்கள். இரண்டாவது, கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். முதல் நாளே முழுப் பட்டியல் கேட்காமல், தானே தொகுத்த பட்டியலை நீட்டி ‘சார், இதுல தப்பு இருக்கா?’ என்று கேட்பவருக்கு வேலை சீக்கிரம் நடக்கும். வெறுங்கையோடு வருபவரை விட வேலை செய்து வருபவரை எந்த மாஸ்டருக்கும் பிடிக்கும். மூன்றாவது, கல்லூரி ஆண்டு மலர். அதில் வரும் குழுப் புகைப்படத்தின் கீழே நிற்பவர், அமர்ந்திருப்பவர் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். பழைய வருடங்களை நிரப்ப இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் படம் எடுத்த நாளில் வராதவர் பெயர் விட்டுப்போயிருக்கும். போட்டிக்கே போகாத நண்பர் ஒருவர் ஓரத்தில் புன்னகையோடு நிற்பதும் உண்டு. நாளிதழ்களின் மாவட்டப் பக்கச் செய்தியில் கோப்பை வாங்கும் தாளாளர், முதல்வர் பெயரெல்லாம் பிழையில்லாமல் இருக்கும். கோல் அடித்தவர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம்.

இதனால் ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் ஒரு குறி வேண்டும்: நேரில் பார்த்தது, அச்சில் படித்தது, காதில் கேட்டது. மூன்றுக்கும் மூன்று நிற மை. காதில் கேட்டதை உறுதியாகும்வரை பென்சிலில் எழுதுவது இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் போட்டிகள் தனி வகை. பொங்கலையொட்டியும் கோடை விடுமுறையிலும் நடக்கும் செவன்ஸ் ஆட்டங்களில் கல்லூரிப் பையன்கள் ஆளுக்கொரு ஊர் அணிக்கு வெளியாளாக இறங்குவார்கள். அங்கே பார்த்ததை வைத்து ‘அணி மாறிவிட்டார்’ என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்தின் பின்புறம் அதற்கென்று இடம் ஒதுக்கலாம். புதிய இடத்தில் ஓர் ஆட்டக்காரர் எப்படி ஆடுகிறார் என்பது இந்த ஆட்டங்களில்தான் வெளிப்படும். கல்லூரியில் பேக் ஆடுபவர் ஊர் அணியில் சென்டர் ஃபார்வர்டாக நின்று கோல் அடிப்பதைப் பார்த்துக் குறித்துவைத்தவர், அடுத்த சீசனில் மாஸ்டர் அவரை முன்னால் தள்ளும்போது ஆச்சரியப்பட மாட்டார்.

பெஞ்சில் இருப்பவர்களையும் விடாமல் எழுத வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று மஞ்சேரியில் சந்தோஷ் கோப்பை அரையிறுதி. கேரளமும் கர்நாடகமும் மோதின. முதல் பாதியிலேயே மாற்று ஆட்டக்காரராக இறங்கிய டி.கே. ஜெசின் ஐந்து கோல் அடித்தார். கேரளம் 7–3 என்று வென்றது. மறுநாள் பலரும் யார் இவர் என்று தேடினார்கள். மம்பாடு எம்.இ.எஸ். கல்லூரியில் ஆடி வளர்ந்தவர் அவர். மலப்புறத்தில் கல்லூரிக் கால்பந்தைக் கவனிப்பவர்களுக்குத் தேட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. அதன்பின் ஈஸ்ட் பெங்கால் அவரை எடுத்துக்கொண்டது. நம் பதிவேட்டில் ‘சப்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடும் வரிகளில் இப்படியொருவர் இருக்கலாம். எந்த நிமிடத்தில் இறங்கினார், யாருக்குப் பதிலாக என்ற இரண்டு தகவலையாவது சேர்க்க வேண்டும்.

போனவர்கள் எங்கே போனார்கள் என்பது பதிவேட்டின் கடைசிக் கட்டம். பெரும்பாலான பொழுதுபோக்காளர்கள் இதை நிரப்புவதில்லை. கல்லூரியை விட்டதும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் விளையாட்டு என்பது வேலைக்கான பாதையும்கூட என்பதால் இங்கேதான் உண்மையான கதை தொடங்குகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, காவல்துறை என்று துறைகளுக்குச் சொந்த அணிகள் உண்டு. சிலர் பி.பி.எட். படித்துப் பள்ளி மாஸ்டராகித் திரும்பி வருவார்கள். ஐந்து வருடம் கழித்து அவர்கள் அனுப்பும் பையன்கள் அதே கல்லூரி அணியில் சேர்வார்கள். அந்தச் சங்கிலியை எழுத்தில் பார்ப்பது வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் கிடைக்காது.

பெண்கள் கால்பந்தில் இந்தக் கடைசிக் கட்டம் இன்னும் வளமானது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன். சீனி மொகைதீன் 2016-இல் தொடங்கிய, மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்.சி., 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை எடுத்தது. சேதுவுக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணி வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும்கூட. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆர்வலருக்குப் போட்டி குறைவு, வேலை அதிகம். ஆண்கள் அணிக்குக் கிடைக்கும் அரை வரிச் செய்திகூடப் பெண்கள் அணிக்கு வருவதில்லை. அவர் எழுதுவதே ஒரே பதிவாக இருக்கக் கூடும்.

இங்கே ஓர் எல்லைக்கோடு. ஆட்டத்தோடு தொடர்புள்ளதை மட்டும் எழுத வேண்டும். செல்போன் எண், வீட்டு முகவரி, சாதி, குடும்ப வருமானம், அரியர் எத்தனை என்பதெல்லாம் பதிவேட்டுக்குத் தேவையில்லை. ஒருவர் ஏன் இரண்டு மாதம் ஆடவில்லை என்பதற்குக் காயம் காரணமா, கட்டணம் காரணமா, வீட்டுச் சூழல் காரணமா என்று துருவவும் கூடாது. ‘ஆடவில்லை’ என்றால் போதும். முதலாம் ஆண்டில் பலருக்கு 18 முடிந்திருக்காது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் குழந்தை என்றே பார்க்கிறது. வீட்டு அலமாரியில் இருக்கும் நோட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினால் கதை வேறு. மாணவிகளின் புகைப்படம் வேண்டவே வேண்டாம். நோட்டில் இருப்பதை அந்த ஆட்டக்காரரே பார்க்கக் கேட்டால் தயங்காமல் காட்டக்கூடியதாக ஒவ்வொரு பக்கமும் இருக்க வேண்டும்.

கடைசியாக, எந்த மாதம் எந்த வேலை. ஜூன், ஜூலையில் அட்மிஷன், அதையொட்டிச் செலக்‌ஷன். புது முகங்களைக் குறித்துக்கொள்ள இதுவே நேரம். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் எந்த மைதானத்தில் ஆளைத் தேடினாலும் கிடைக்காது. பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்கள் வரும்; பல்கலைக்கழக அணித் தேர்வு, தென்மண்டலப் போட்டி என்று நகரும்போது நடுவே வடகிழக்குப் பருவமழையும் நவம்பர் செமஸ்டரும் குறுக்கிடும். தேதிகள் வருடத்துக்கு வருடம் நகர்வதால் ஆட்டம் நடந்த நாளை எழுதாத குறிப்புக்குப் பயன் இல்லை. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவு தனியாக உண்டு. விருதுநகர் மாவட்ட அளவிலான தேர்வில் நான்கு வழிக் கல்லூரிகளின் ஆட்டக்காரர்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். விடுபட்ட பெயர்களைச் சரிபார்க்க அந்த இரண்டு மூன்று நாளைத் தவறவிடக் கூடாது.

ஏப்ரல் முடிந்ததும் இறுதியாண்டுக்காரர்களின் பக்கங்களைத் தனியே எடுத்துக் கோக்க வேண்டும். கடைசிக் கட்டத்தை உடனே நிரப்ப அவசரப்பட வேண்டாம். கோட்டா அறிவிப்பு, பி.பி.எட். சேர்க்கை, ராணுவத் தேர்வு எதுவும் அந்தக் கோடைக்குள் முடியாது. ஒரு வருடமாவது அந்தப் பக்கங்களைத் திறந்தே வைத்திருக்கலாம்.